வில்லியம் மேர்கள் ஏழு பேர்

1

இந்தக் கதை ஒரு குழுக் கூட்டத்தில் பிறந்தது. துறைமுகத்தில் நினைவுக்கல் ஒன்று நிறுத்துகிறோம். அதன் பக்கத்தில், ஊரில் பாதிப் பேருக்கு உள்ள மேர் என்ற குடும்பப் பெயரின் பொருளையும் அதைச் சுமந்த பெரிய மனிதர்களையும் பற்றி ஒரு பலகை வேண்டுமாம். ஊரில் புத்தகம் எழுதியவன் நான் ஒருவன்தான். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் தொடக்கம்: 'மேர் என்றால் அரசனின் ஆணையைக் கொண்டுபோகும் அதிகாரி. அப்படிப்பட்ட வீரப் பரம்பரையில் உதித்த…'

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவர்கூட யார் ஆணையையும் கேட்டதாகத் தகவல் இல்லை.)

2

மனிதர்களிலிருந்து தொடங்குகிறேன். பெரிய மனிதர் என்றால் எனக்கு வில்லியம் மேர்தான். ஒரு பிப்ரவரிக் காலை, பாறையில் மோதிய கப்பலுக்கு மீட்புப் படகை ஓட்டிப்போய்ப் பதினொரு பேரைக் கரைசேர்த்தார். பன்னிரண்டாவது ஆளுக்காகப் போனவர் திரும்பவில்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன்.

ஆனால் அன்று ஊரில் ஏழு வில்லியம் மேர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அது சிக்கலே இல்லை. குடும்பத்துக்கொரு பட்டப்பெயர் உண்டு. தபால்காரர் முதல் பாதிரியார் வரை அதைத்தான் சொல்வார்கள். இறந்தவர் கஞ்சி வில்லியம். அவருடைய தாத்தா ஒரு நாள் காலை, வீட்டில் மறந்த ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க ஓடியபோது மீன்பிடிப் படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த ஒரு காலைக்காக மூன்று தலைமுறையும் கஞ்சி.

3

கஞ்சி வில்லியத்துக்கு நிறுத்தும் கல்லில் அந்தப் பட்டப்பெயரும் வேண்டும் என்கிறார் அவருடைய மகள் எல்ஸ்பெத். குழுத் தலைவர் சாண்டி மேர் மறுக்கிறார்.

"இது நினைவுக்கல்லு எல்ஸ்பெத், சாப்பாட்டுக் கடை போர்டு இல்ல."

"அந்தப் பேரு இல்லாட்டி எங்கப்பா ஏழுல ஒண்ணு, அவ்வளவுதான். எந்த வில்லியம்னு நாளைக்கு எவனுக்குத் தெரியும்?"

"வர்றவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சாண்டி அண்ணே. சிரிச்சிட்டு, யாரு அதுன்னு கேப்பான்ல?"

(சாண்டி வில்லனாக எனக்கு வசதியாக இருந்தார். அதையும் அவரே கெடுத்துவிட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கப்பாவும் வில்லியம் மேர்தான்டா. அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தாரு. படகுல போகலையேன்னு சாகுற வரைக்கும் புலம்புனாரு. வெறும் வில்லியம் மேர்னு இருந்தா, அவருக்கும் ஒரு ஓரத்துல எடம் கெடைக்கும்ல?")

4

வாக்கெடுப்பில் நாலுக்கு நாலு. மீதி என் வாக்கு. நாளை காலை பத்து மணிக்குச் சொல்ல வேண்டும்.

முடிவு ஒன்று: சாண்டி மனம் மாறி, எல்ஸ்பெத்தைக் கட்டியணைத்து… (அவர் யாரையும் கட்டியணைத்து நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: எல்ஸ்பெத் விட்டுக்கொடுக்கிறார். (அவரைத் தெரியாதவர்கள்தான் நம்புவார்கள்.)

உண்மையில் நடந்தது இது. இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு எல்ஸ்பெத் மேசைமேல் வைத்தார்.

"ஏன்டா நண்டு, எங்கப்பா பேருக்கு நீ ஓட்டுப் போடுறது இருக்கட்டும். ஒன் புஸ்தக அட்டையில எல்லாம் ஆர்ச்சி மேர்னு ஒருத்தன் இருக்கானே, அவன் யாரு?"

காலில் நண்டு கவ்வியதற்குத் துறைமுகம் முழுக்க அலறிக்கொண்டு ஓடியவர் என் பாட்டன். அந்தப் பட்டப்பெயரைப் போடாமல் ஐந்து புத்தகங்களிலும் அவரை ஒளித்துவைத்திருக்கிறேன்.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. என் வாக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் கீழே என் கையெழுத்தைப் பாருங்கள். சாண்டியின் அப்பாவுக்கு எங்கே இடம் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பலகையில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது.

— ஆர்ச்சி 'நண்டு' மேர்