வாசல் பார்த்த பூட்ஸ்

மாடியறையைப் பெருக்கும்போது துடைப்பம் மேஜைக்காலில் இடித்தது. ஆடுகிற மேஜை அது. என் கணவர் ராசிம் போருக்குப் போகும் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அசையவில்லையே என்று குனிந்து பார்த்தேன். காலுக்கு அடியில் நான்காக மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. இழுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து.

போரில் தோற்ற எங்கள் ஊரைப் பிடித்து, எங்கள் மாடியிலும் குடியேறிய ஆங்கிலேயப் படையின் கேப்டன் ஹார்வுட்டுக்கு நான் கொடுத்த மனு. எகிப்தில் ஆங்கிலேயர் சிறைமுகாமில் கிடக்கும் என் கணவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, முழுக்க இருட்டிப் போவதற்குள் அனுப்பி வையுங்கள் என்று மூன்று தாளைக் கெடுத்து நாலாவது தாளில் எழுதியது. இஸ்தான்புல்லில் பனி விழத் தொடங்கிய நாளில் கொடுத்தேன். இப்போது எங்கள் உஸ்குதார் மேட்டில் செர்ரி பூத்துவிட்டது. "அனுப்பிவிட்டேன், ஹானும். எகிப்திலிருந்து பதில் வர வேண்டும்" என்று, அம்மணி என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டே வாராவாரம் சொன்னான், பாவி. நானும் வாராவாரம் நன்றி சொல்லி அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு நிஜக் காபி. எனக்கும் மாமனாருக்கும் வறுத்த கொண்டைக்கடலைப் பொடி.

நல்ல ஆங்கிலேயன் என்று தெருவே அவனைப் புகழ்ந்தது. ஒரு நாள் கெடுவில் எங்கள் மாடியைப் பிடுங்கிக்கொண்டு, என்னையும் மாமனாரையும் சமையலறைப் பக்கத்து அறைக்குத் துரத்தியவன்தான் அந்த நல்லவன். முதல் நாள் தொழுகை விரிப்பின் மேல் பூட்ஸோடு நடந்தான். மாமனார் ஷாகிர் எஃபெந்தி மெதுவாக எடுத்துச் சொன்னதும் மறுநாளிலிருந்து வாசலிலேயே கழற்றி வைத்தான். "நான் உங்கள் மரபை மதிக்கிறேன்" என்றான், புத்தகத்தில் படித்த துருக்கி மொழியில். பூட்ஸைக் கழற்றியதற்காக நாங்கள் ஆயுள் முழுக்க அவனுக்குக் கடமைப்பட்டவர்கள் என்பது போல ஒரு சிரிப்பு.

தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அவன் படுக்கையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. ராசிம் அவர்கள் பிடியில் அல்லவா இருக்கிறார்! அடுத்த அறையில் சவரம் செய்துகொண்டிருக்கிறான்; நான் பார்த்துவிட்டது தெரிந்தால் என்ன செய்வானோ. காகிதத்தை மடித்தபடியே மடித்து, அதே காலுக்கு அடியில் வைத்தேன். அப்படி வைத்த என் கையை வெட்டிப்போட வேண்டும் என்று தோன்றியது.

கீழே வந்தேன். உள்ளே பார்த்தபடி கிடந்த அவன் பூட்ஸைத் திருப்பி, மூக்கு வாசலைப் பார்க்க வைத்தேன்.

என் மாமனார் சின்ன வயதில் தெர்விஷ் என்னும் சூஃபித் துறவிகளின் மடத்துச் சமையலறையில் வேலை செய்தவர். அங்கே ஒருவன் பெரிய தப்புச் செய்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். அவன் செருப்பைத் திருப்பி வாசலைப் பார்க்க வைப்பார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். போனால் போனதுதான். மாமனார் அந்தப் பூட்ஸைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"என்னம்மா பண்ணியிருக்க? நம்ம பிள்ளை அவங்க கையில இருக்கான்."

"தெரியும் பாபா."

"தெரிஞ்சுமா?"

பூட்ஸைப் பழையபடி திருப்பி வைத்தார். அவர் நகர்ந்ததும் நான் மறுபடி திருப்பினேன்.

கேப்டன் இறங்கி வந்தான். பார்த்தான்.  காலை நேராக உள்ளே விட்டுக்கொண்டு, "அருமை! எங்கள் வீட்டு வேலைக்காரர் இப்படித்தான் எடுத்து வைப்பார். தினமும் இப்படியே செய்யுங்கள், ஹானும்" என்றான். ஒரு டப்பா சர்க்கரை வேறு கொடுத்தான். அட கடவுளே! வீட்டை விட்டுப் போடா என்று சொன்னதற்குச் சர்க்கரை!

பதினோரு நாள் திருப்பினேன். பதினோரு நாளும் நன்றி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு அதிகாரிகளைக் கூட்டி வந்தான். வாசலில் மூன்று ஜோடி பூட்ஸ். மாடி மேஜைக்கு விரிப்பைப் போடக் குனிந்தபோது என் கை தானாக அந்தக் காகிதத்தை உருவி இடுப்பில் செருகிக்கொண்டது. பருப்பு சூப்பை வைத்தேன். அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கேப்டன் என் பக்கம் திரும்பினான்.

"ஹானும், விருந்தாளியின் பூட்ஸை நீங்கள் திருப்பி வைக்கும் அந்த அழகான பழக்கத்தைப் பற்றி என் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்."

போதும் என்று ஆகிவிட்டது.

"விருந்தாளிக்கு இல்ல, கேப்டன். எங்க மடத்துல, இனிமே இங்க உனக்கு இடமில்லைன்னு ஒருத்தன்கிட்ட வாயால சொல்ல மாட்டோம். செருப்பைத் திருப்பி வைப்போம். மானம் இருக்கிறவன் அன்னிக்கே போயிடுவான். உங்களுக்குப் பதினோரு நாளா திருப்பி வைக்கிறேன்."

அவன் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. நண்பர்கள் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் மொழிபெயர்க்கவில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றினான். மேஜை சாய்ந்தது. சூப் வழிந்து ஒருவன் மடியில் கொட்டியது.

"மேஜைக்கு என்ன ஆயிற்று?" என்று கேப்டன் கத்தினான்.

"அதுக்கு அடியில என் புருஷன் இருந்தார். எடுத்துட்டேன்."

காகிதத்தைப் பிரித்து, வழிந்த சூப்பின் மேலேயே அவன் முன்னால் வைத்தேன். மடிப்பின் நடுவில் மேஜைக்கால் பதிந்த கறுப்பு வட்டம் அப்படியே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. நண்பன் என்னவென்று கேட்டான். 

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்துவிட்டேன்? ராசிமின் பேருக்கு நேரே இவன் இன்றைக்கு என்ன எழுதுவான்? மாடியில் பேசியதெல்லாம் கீழே கேட்கிற வீடு இது. பாபா என்னைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன்.

அவர் வாசற்படியில், மடங்காத முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தக் காகிதத்தைப் பத்தி எங்கிட்ட ஏம்மா சொல்லல?"



மேலே நாற்காலிகள் நகர்ந்தன. காலுறை போட்ட பாதங்கள் படிக்கு வந்தன. பாபா குனிந்து, முதல் ஜோடி பூட்ஸை இரண்டு கையாலும் எடுத்து, மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். மூன்றாவதையும் திருப்பி வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தெருக்கதவை அகலத் திறந்துவிட்டார்.