சோசாம்மாவுக்கு வராத காய்ச்சல்

கேரளத்து ராந்நியில் சோசாம்மாவின் வீட்டில் அறை ஆறு, ஆள் ஒன்று. ஒரே மகள் ஷைனி அயர்லாந்தில் முதியோர் வார்டு நர்ஸ். தினமும் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் வருவாள். வந்ததும் முதல் பேச்சே தெர்மாமீட்டரைக் காட்டு என்பதுதான். இரண்டு வருஷம் முன்னால் அம்மா நெஞ்சு வலி என்று அலற, இருந்த லீவையெல்லாம் போட்டு ஓடிவந்து பார்த்தால் வெறும் வாயு. இனி நூற்றொன்றைத் தாண்டினால்தான் டிக்கெட் எடுப்பேன் என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள்.

இப்போது நாலு நாளாகச் சோசாம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. மூச்சு வாங்குகிறது. பாத்ரூம் போகும் வழியில் இரண்டு முறை தடுமாறினாள். காய்ச்சல் மட்டும் வந்து தொலைய மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி லேபில் முப்பத்துநாலு வருஷம் வெள்ளணுக்களை எண்ணியவளுக்குக் காரணம் தெரியாதா? கிருமி நுழைந்தால் கூச்சல் போட்டு ஆள் திரட்டுகிறவை அவை. அந்தக் கூச்சல்தான் காய்ச்சல். வயதானால் அவற்றுக்கும் காது மந்தம், நடை தளர்ச்சி. எல்லாம் முடிகிற நேரத்துக்கு மெல்ல வந்து எட்டிப் பார்க்கும். இதை மகளிடம் சொல்லலாம். சொன்னால், வா என்று கெஞ்சுவது போல ஆகிவிடுமே! அந்த ரோஷம் விடவில்லை.

ஐந்தாம் நாள் தெர்மாமீட்டரைப் பால் விடாத சூடான கட்டஞ்சாயாவில் முக்கிக் காட்டினாள். நூற்றாறு.

"நூத்தாறு இருந்தா இந்நேரம் உங்களுக்குப் பேச்சே வராது அம்மச்சி. எதுல முக்குனீங்க?"

ஷைனி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. போனை வைத்ததும் அழுகை வந்தது.

ஆட்டோ பிடித்துத் தான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரிக்கே போய் ரத்தம் கொடுத்தாள். இப்போதெல்லாம் எண்ணுவது மெஷின். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள் லேபுப் பெண். சோசாம்மா ஸ்லைடை வாங்கி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பார்த்த இடமெல்லாம் முற்றாத வெள்ளணுக்கள். ஆள் பற்றாத உடம்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பியிருந்தது. டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு பக்கமும் நிமோனியா. உடனே படுக்க வேண்டும். ஆனால் கூட இருக்க ஆள் இல்லாமல் வார்டில் சேர்க்கிற வழக்கம் இல்லை. யாரைச் சொல்வாள் பாவம்? பக்கத்து வீடுகளிலும் பூட்டுதான் தொங்குகிறது.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு ஷைனியைக் கூப்பிட்டாள். அவள் டூட்டியில் இருந்தாள்.

"காய்ச்சல் எவ்வளவு?"

"தொண்ணூத்தேழு."

"அப்புறம் என்ன அம்மச்சி, மறுபடியுமா?"

"உன் வார்டுக் கிழவிங்க கிட்டயும் இதைத்தான் கேப்பியா மோளே?"

கிழவி ஒருத்தி சாப்பாட்டைத் தள்ளினாலே ரத்தம் எடுக்கச் சொல்வேன் என்று பெருமையடித்தவள் ஷைனி. பெற்றவளிடம் மட்டும் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அழுதுகொண்டே, டிக்கெட் போடுகிறேன், வந்து சேர ஒரு நாளாவது ஆகும் என்றாள்.

நர்ஸ் நீட்டிய தாளில், கூட இருப்பவர் என்ற இடத்தில் சோசாம்மா ஷைனி என்று எழுதினாள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள்.

"வச்சிடாதே மோளே. நீ வந்து சேர்ற வரைக்கும் எனக்குன்னு இங்க ஒரு ஆள் இருக்கணுமாம்."