கோடாலித் துளையில் இருந்த மண்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கை வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மூன்று கோடாலியும் அரை மூடி எலுமிச்சம்பழமும் சேர்ந்து ஒரு மனிதனுடைய வேலையைக் காப்பாற்றின கதை இது.

கோயம்புத்தூருக்குப் பைக்காரா மின்சாரம் வந்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருந்த காலம். ஊருக்குள் ஒரு சின்னக் காட்சிசாலை. அங்கே கண்ணாடி அலமாரிக்குள் மூன்று கோடாலித் தலைகள் இருந்தன. காம்பு மக்கிப்போய், இரும்பு மட்டும் ஆயிரம் வருசத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை. ஒன்று சென்னிமலை அடிவாரத்தில் கிடைத்தது. ஒன்று பவானி ஆற்றங்கரையில். ஒன்று மதுக்கரையில், சுண்ணாம்புக்கல் வெட்டின இடத்தில். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான். எது எந்த ஊர் என்று சொன்னது, நூலில் கட்டித் தொங்கவிட்ட அட்டை மட்டும்தான்.

அலமாரிக்குக் காவல் காளிச்சாமி. மதுக்கரைக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆயுத பூசைக்கு முதல் நாள் காட்சிசாலைக்குப் பொறுப்பான காப்பாளர் அப்துல் முத்தலிப், "சுத்தியல், ரம்பம், பூட்டு எல்லாத்துக்கும் பொட்டு வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பூசையன்று காளிச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. நேற்று வாங்கின சுத்தியலுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதற்குப் பாட்டன் முறையான இரும்பைச் சும்மா விடுவதா? சந்தனம் பட்டு அட்டை கெட்டுப்போகுமே என்று நூல்களைக் கழற்றி வைத்தான். கோடாலிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, பொட்டிட்டு, எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்துக் கும்பிட்டான்.

மறுநாள் காலையில் அட்டைகளைத் திரும்பக் கட்டப் போனபோதுதான் விழித்தான். மூன்று கோடாலி, மூன்று அட்டை. எது எதற்கு?

பத்து மணிக்கு மதராசிலிருந்து ஒருவர் வந்து அவற்றைப் படம் வரைந்து, ஊர்ப் பெயரோடு புத்தகத்தில் போடப் போகிறார். பொரி கொடுக்க வந்திருந்த பெண்சாதி பாப்பாயியிடம் காளிச்சாமி சொன்னான்: "கண்ண மூடிக் கட்டிப்போட்டா ஆருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியுமுங்களே. அப்பறம் தெனமும் அந்த அலமாரி முன்னால எப்படி நிப்பீங்க?"

காப்பாளர் வந்ததும் காளிச்சாமி சொல்லிவிட்டான். அவர் கழற்றின அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"ஊரு தெரியாட்டி இது கோடாலி இல்லப்பா, வெறும் இரும்பு. உன்னை வச்சுக்கச் சொல்லி மேல நான் எப்படி எழுதுறது?"

பாப்பாயி ஒரு கோடாலியை எடுத்து, காம்பு செருகும் துளையை வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்குள்ள நீங்க தொடைக்கலீங்களா?"

"துருவேறி விரல் போகல. உட்டுப்போட்டேன்."

"அப்ப மண்ணு அப்படியேதான் இருக்குதுங்க."

மூன்று துளையிலிருந்தும் மூன்று காகிதத்தில் துளி மண்ணைத் தட்டினாள். ஒன்று செக்கச்செவேல் என்று இருந்தது. "இது எங்கூரு சென்னிமலை மண்ணுங்க. நான் வெளையாண்ட மண்ணு." இன்னொன்று மினுக்கும் ஆற்று மணல். மூன்றாவது வெளுப்பு.

காப்பாளர் தலையாட்டினார். "மணல் பவானிதான். ஆனா செம்மண் எங்கயும் இருக்குது அம்மணி. வெளுத்ததெல்லாம் சுண்ணாம்புன்னு நான் எப்படி எழுத?"

"வெத்தலைச் சுண்ணாம்பு டப்பி காஞ்சு இறுகிப்போச்சுன்னா எலுமிச்சம்பழம் போட்டுத்தானுங்க கழுவுவேன். பொங்கிக்கிட்டு வரும்."

பூசைப் பழம் இலையிலேயே கிடந்தது. ஒவ்வொரு மண்ணிலும் ஒரு சொட்டுப் பிழிந்தாள். செம்மண் பேசாமல் இருந்தது. மணலும் அப்படியே. வெளுத்த மண் மட்டும் பொசுபொசுவென்று நுரைத்தது. அது மதுக்கரை, மணல் பவானி என்றால், மிச்சம் இருக்கும் செம்மண் சென்னிமலைதான்.

காப்பாளர் குனிந்து நுரையைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, அட்டை கழன்றதையும், மண்ணை வைத்து ஊர் கண்டுபிடித்ததையும் ஒளிக்காமல் எழுதினார். "வர்றவர்கிட்ட நீயே சொல்லு" என்றார்.

மதராசுக்காரர் முழுக்கக் கேட்டார். இரும்பைவிட மண்ணையே அதிக நேரம் பார்த்தார். அதை மூன்று பொட்டலமாகக் கட்டி, அந்தந்தக் கோடாலியோடேயே வைக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாப்பாயி சொன்னாள்: "தொளையத் தொடைக்காம உட்ட உங்க சோம்பேறித்தனம் இன்னைக்குத்தானுங்க சோறு போட்டுச்சு."

தை மாதம் காளிச்சாமிக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த பூசைக்கு அவன் பொட்டு வைத்தது அலமாரிப் பூட்டுக்கு மட்டும்.

உங்கள் வீட்டிலும், தப்பு நடந்தால் வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆளும், பொறுமையாகக் கேட்க ஒரு ஆளும் எப்போதும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், கிணறு வற்றாமல், பெற்ற பிள்ளைகளோடு நல்லா இருங்கள் கண்ணுகளா.