ஆற விட்ட சுருள்

சங்கரேஸ்வரிக்கு உலோகத்தின் மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகமெல்லாம் மனிதர்கள் மேல்தான். கல்லூரியில் உலோகவியல் நடத்துகிறவள், கோடை விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்த கையோடு அண்ணன் துரைப்பாண்டியின் கோழிப் பண்ணைக் கவலையைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். போன மே மாதம் கரண்ட் போய், மின்விசிறி நின்று, கரிவலம்வந்தநல்லூர்க் கொட்டகையில் பாதிக் கோழிகள் வெக்கையில் செத்துப்போயின. இந்த வருஷமும் அப்படியானால் பண்ணையை இழுத்து மூடிவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டான்.

அவள் கொண்டுவந்தது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பிச் சுருள். குளிர்ச்சியில் இளகி நீளும். குறித்த சூடு வந்ததும் உள்ளே அணுக்கள் வேறு வரிசைக்கு மாற, பழைய வடிவத்துக்கே சுருங்கிக் கூரைச் சன்னலை இழுத்துத் திறக்கும். கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். எந்தச் சூட்டில் சுருங்க வேண்டும் என்பதை உலையில் சுட்டு ஆற்றும் பக்குவம்தான் முடிவு செய்யும். ஊரில் அவளுக்குக் கிடைத்த உலை, செயற்கைப் பல் செய்யும் ரிஸ்வான் அகமதுவினுடையது. அவனிடம் கொடுத்துச் சுட்டு வாங்கினாள்.

வாளித் தண்ணீரில் சோதித்தபோது, முப்பத்தைந்து டிகிரியில் சுருங்க வேண்டிய சுருள் சிவனே என்று கிடந்தது. நாற்பத்தெட்டில்தான் அசைந்தது.

"கோழி வெந்த பொறவு சன்னல் தொறக்கும். மசாலாவும் அதுவே தடவுமாக்கும்?" என்றான் துரைப்பாண்டி.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பி பொய் சொல்லாது. கை பட்ட இடத்தில்தான் கோளாறு. ரிஸ்வானுக்குப் போன் போட்டாள்.

"சுட்ட உடனே தண்ணியில போடச் சொன்னேம்லா?"

"சொன்னீங்க அக்கா, மனசு கேக்கல. பல்ல அப்படிப் போட்டா வெடிச்சிரும்லா? அதான் அடுப்போடயே பைய ஆற விட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லுக்கு அது சரி. இது பைய ஆறுனா நிக்கல் பொடிப்பொடியாப் பிரிஞ்சு ஒதுங்கிரும். மிச்சக் கம்பி சுருங்க சூடு கூடக் கேக்கும். அடுப்பப் பத்த வையி, இந்தா வாரேன்."

மறுபடி சுட்டார்கள். செக்கச் சிவந்த சுருளை அவளே இடுக்கியில் எடுத்து வாளியில் போட்டாள். சொய்யென்ற சத்தத்துக்கு ரிஸ்வான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இந்தத் தடவை சுருள் சொன்ன பேச்சைக் கேட்டது.

சன்னலில் மாட்டிய பிறகும் துரைப்பாண்டிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. கையால் இழுத்துத் திறக்க ஒரு கயிறும் கட்டி வைத்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கரண்ட் போனது. மின்விசிறிகள் ஓய்ந்தன. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. துரைப்பாண்டி பாய்ந்து கயிற்றைப் பிடித்தான்.

"கொஞ்சம் பொறுண்ணே," என்றாள்.

"செத்தா நீயா பதில் சொல்லுவ?"

"நான்தான் சொல்லுவேன்."

இழுக்கப் போனான். அதற்குள் கயிறு அவன் கையிலேயே தொய்ந்தது. மேலே சன்னல் தானாகத் திறந்துகொண்டிருந்தது. அனல் மேலேறி வெளியேற, பக்கவாட்டு வலை வழியே காற்று உள்ளே வந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. சங்கரேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

துரைப்பாண்டி இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துப் போட்டான்.