தோர்கெல் வீட்டில் தங்கிய ஆடு

கிறிஸ்துமஸ் கழிந்து புத்தாண்டு வரும்வரை எங்கள் டகோட்டா சமவெளியில் யாரும் சொந்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. மேல்கோட்டை உள்வெளியாகப் புரட்டிப் போட்டு, முகமூடி மாட்டி, மூச்சை உள்ளே இழுத்தபடி பேசிக் குரலை மாற்றிக்கொண்டு வருவார்கள். யாரென்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் முகமூடி கழன்றுவிடும். அப்புறம் வந்தவரை மேசையில் உட்காரவைத்து உபசரிக்காமல் இருக்க முடியாது.

அந்த வருஷம், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய எங்கள் வீட்டுக்கு ஒரு பருத்த கிழவியும் ஒரு நெட்டை ஆடும் வந்தார்கள். கிழவியின் பாவாடையிலிருந்து புகையிலை வாசனை வந்தது.

"உக்காரு நில்ஸ்," என்றார் என் கணவர் தோர்கெல், தலையைக்கூடத் தூக்காமல்.

"அரை நாள் அலங்காரம் பண்ணிக்கிட்டு வந்தேன்பா. ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரியாவது நடிக்கக்கூடாதா?" என்று புலம்பியபடி பக்கத்து நிலத்துக்காரர் நில்ஸ் முகமூடியைக் கழற்றினார்.

ஆட்டைத் தோர்கெல் நெடுநேரம் பார்த்தார். மரத்தில் செதுக்கிய கொம்பு முகம், தலையைச் சுற்றி ஆட்டுத்தோல். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் மகள் சிக்னே காபிக் கெட்டிலின் மேல் வாணலி மூடியைப் பொருத்தப் போராடிக்கொண்டிருந்ததிலிருந்து, அவளுக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்தது. தோர்கெலின் மீசையும் ஒருமுறை துடித்தது.

ஆட்டுக்குள் இருந்தது ஹால்வர். சர்ச்சை எங்கே கட்டுவது என்று கோடையில் ஊர் கூடியபோது ஓடைக்கு அக்கரைதான் நல்லதென்று கை தூக்கியவன். அந்த ஒரு கை கூடியதால்தான் எங்கள் நிலத்தில் வர வேண்டிய சர்ச் அக்கரைக்குப் போனது. அந்தப் பெயரை இனி வாயால் சொல்வதில்லை என்று தோர்கெல் அன்றே சத்தியம் செய்தார். கொஞ்ச நாள் கழித்து அவன் சிக்னேவைப் பெண் கேட்டு வந்தான்; வாசலோடு திரும்பிப் போனான். பனி உருகியதும் மொன்டானாவுக்குப் புது நிலம் எடுக்கப் போகிறான். சிக்னேவோடு போவானா, தனியாகப் போவானா என்பது தோர்கெலின் ஒரு வார்த்தையில் இருந்தது. அப்பா சம்மதிக்காமல் அவள் வண்டியேற மாட்டாள். பிடிவாதம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து.

பெயரைச் சொன்னால் மேசை, மேசை கிடைத்தால் பேச்சு. அதுதான் ஆட்டின் கணக்கு. தோர்கெலுக்கும் அந்தக் கணக்கு புரிந்தது.

"பேடரா?" என்று ஊரில் வேறொருவர் பெயரை நிதானமாகச் சொன்னார்.

ஆடு தலையாட்டி மறுத்தது.

"பாதிரியாரா?"

"பாதிரியாருக்கு இவ்வளவு உயரமாப்பா?" என்றார் நில்ஸ்.

"பாதிரியார் சம்சாரம்?"

சிக்னே கெட்டிலை டக்கென்று வைத்தாள். "அப்பா, உங்களுக்கு யாருன்னு தெரியும்."

"எனக்கு என்னம்மா தெரியும்? ஆடுன்னு தெரியுது."

இப்படி வம்பிழுத்துக்கொண்டிருக்கையில் வடமேற்கிலிருந்து காற்று அறைந்தது. சற்று நேரத்தில் ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. அந்தப் பனிப்புயலில் நாயைக்கூட வெளியே அனுப்ப முடியாது. வந்தவர்கள் தங்கினார்கள்.

தோர்கெல் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "குரோ, ஆட்டை அடுப்புக்குப் பக்கத்துல உக்காரவை. பாவம், குளிரும்," என்று என்னிடம் சொன்னார். தோலுக்குள் ஹால்வர் வெந்துகொண்டிருந்தான். "ஆடு சும்மா இருந்தா கொழுத்துப்போகும்," என்று நிலக்கரி சுமக்க வைத்தார். வெண்ணெய் கடைய வைத்தார். மேசைக்கு வராமல் அடுப்போரத்திலேயே, முகமூடித் தாடிக்கு அடியில் உருளைக்கிழங்கு ரொட்டியைச் சுருட்டிச் செருகிச் செருகி அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் தோர்கெல் ஒரு பெயர் சொல்வார். இறந்துபோனவர்களின் பெயரெல்லாம் வந்துவிட்டது.

"அந்த மனுஷனை நானே புதைச்சேன்பா," என்றார் நில்ஸ்.

"வேறே ஜோலி இல்லாம வந்திருப்பான்."

பாத்திரம் கழுவும்போது சிக்னே என் காதில் சொன்னாள்: "அம்மா, நீங்க பேரைச் சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா காபிதான் கிடைக்கும். உனக்கு வேண்டியது அது இல்லையே."

மூன்றாம் நாள் காலை தோர்கெல், புயலில் வழி தவறாமலிருக்க வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பால் கறக்கத் தொழுவத்துக்குப் போனார். அவர் உள்ளே இருக்கும்போது காற்று திசை மாறி, பனியை அள்ளி வந்து தொழுவக் கதவின் மேல் குவித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் அடங்கிவிட்டது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. உள்ளேயிருந்து வாளியைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆடு மண்வாரியை எடுத்துக்கொண்டு ஓடியது. நானும் பின்னால் போனேன். உதவிக்கென்று சொன்னால் பொய்.

"யாரு அங்க?" என்றார் தோர்கெல் கதவுக்குப் பின்னாலிருந்து.

ஆடு மூச்சை உள்ளே இழுத்தது. "கண்டுபிடிங்க."

உள்ளே மாடு ஒன்று செருமியது.

"நில்ஸா?"

"நில்ஸ் குறட்டை விடுறார்."

"சரி, சரி. சீக்கிரம் தோண்டு."

"ஆடு எப்படித் தோண்டும்? கையா இருக்கு?"

"நேத்து நிலக்கரி சுமந்துச்சே."

"அது முதுகால சுமந்தது."

நான் சால்வையை வாயில் அழுத்திக்கொண்டேன். ஆனால் பையனின் வாய்தான் கேலி பேசியது. மண்வாரி ஒரு கணமும் நிற்கவில்லை. பெயரைச் சொன்னால்தான் திறப்பேன் என்று பேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை. இடுப்பளவு பனியை வெட்டி எறிந்து, கதவை இழுத்துத் திறந்து, மூச்சிரைக்க ஒதுங்கி நின்றான். தோண்டியதில் ஆட்டுத்தோல் பின்னால் சரிந்து ஒரு காது வெளியே வந்திருந்தது.

தோர்கெல் பால்வாளியோடு வெளியே வந்தார். ஆட்டைப் பார்த்தார். வாளி அவர் கையிலிருந்து பனியில் இறங்கியது.

"ஹால்வர், காது. காது வெளுத்துடுச்சுடா."

கடுங்குளிர் கடித்து உறைந்து வெளுத்த இடம் கடிபட்டவனுக்கு வலிக்காது. பார்ப்பவன்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பகையாளிக்குக்கூட அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தோர்கெல் பாய்ந்து வந்து, முகமூடியைப் பிய்த்தெறிந்து, கையுறையை உதறிவிட்டு, மெழுகாய் வெளுத்திருந்த அந்தக் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கொம்பு பனியில் குத்திட்டு நின்றது.

"கண்டுபிடிச்சுட்டீங்க," என்றேன்.

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையை எடுக்கவும் முடியவில்லை. எடுத்தால் காது போய்விடும். இரண்டு பேரும் நாட்டியத்துக்கு நின்ற ஜோடிபோல முட்டிக்கொண்டு நின்றார்கள். ஹால்வரின் கன்னமெல்லாம் ரொட்டித் துணுக்கு.

"வலிக்குதா?" என்றார் தோர்கெல் கடுகடுவென்று.

"இப்பதான் வலிக்க ஆரம்பிக்குது மாமா."

"வலிச்சா நல்லது. உயிர் வருதுன்னு அர்த்தம். மாமான்னு யாருடா சொல்லச் சொன்னது?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிக்னே வந்துசேர்ந்தாள், தலையில் துண்டுகூட இல்லாமல். அப்பாவின் கையையும் அது பொத்தியிருந்த காதையும் பார்த்து அப்படியே நின்றாள்.

தோர்கெல் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் திருமண வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய சாமர்த்தியம் அது.

"என்னம்மா வேடிக்கை பாக்குற? இங்க வா, நீ பிடி. பால் உறையுது."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அவர் உள்ளங்கை இருந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"எவ்வளவு நேரம்பா பிடிக்கணும்?"

தோர்கெல் குனிந்து வாளியை எடுத்தார்.

"அதை ஏன் என்கிட்ட கேக்குற? இனிமே அது உன் காது," என்று சொல்லிவிட்டு, மேசையில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்லி என்னை விரட்டிக்கொண்டே கயிற்றோரமாக வீட்டுக்கு நடந்தார்.