அம்மாவின் சிறுநீரகம்

அம்மாவின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னபோது மதுராவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் ஆவலோடு அவள் பக்கம் திரும்பியதால் சிரித்து வைத்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மார்பில் செருகியிருந்த குழாயை இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் நான்கு மணி நேரம் நகர முடியாது. முடிந்து எழும்போது தலை கனக்கும், கால் துவளும். சிறுநீர் பிரிவதே இல்லை என்பதால் குடிக்கும் தண்ணீரும் அளவுதான். தோழிகள் நீச்சலுக்குப் போகும்போது இவள் ஆங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் பனிக்கட்டியைச் சப்பிக்கொண்டிருப்பாள். இனி அதெல்லாம் மாறிவிடும் என்றாள் அம்மா உமாமகேஸ்வரி. பிறகு ஏன் பயமாக இருக்கிறது என்று மதுராவுக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேக்கா சந்தைக்குப் போனார்கள். அம்மா மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மதுரா உணவங்காடிப் பக்கம் நழுவி, ஒரு பெரிய கிளாஸ் கரும்புச் சாறு வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். தாகம் அடங்கிவிட்டது. ஆனாலும் இன்னொரு கிளாஸ் குடித்தாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கண்ணிமைகள் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த தாதி மறுபடியும் நிற்கச் சொன்னார். உடம்பில் சேர்ந்த நீரை இயந்திரம் உறிஞ்ச உறிஞ்ச, கெண்டைக்கால் கல்லாய் இறுகியது. காது அடைத்தது. வாந்தி எடுத்தாள். தாதி நாற்காலியைச் சாய்த்து, நீர் எடுப்பதை நிறுத்தினார். அம்மா அவள் காலை உருவிவிட்டபடியே இருந்தாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு மதுரா நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

"தெரிஞ்சும் ஏன்மா குடிச்சே?"

"தெரியலம்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்க கிட்னிய வச்சப்புறமும் நான் இப்படிப் பண்ணிட்டா? என்னோடதுன்னா பரவால்ல. இது உங்களோடது லா. கெட்டுப்போனா எப்படித் திருப்பித் தர்றது?"

உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. "ஆப்பரேஷன நெனச்சா தூக்கமே வரல. ஆனா குடுத்தப்புறம் அது உன்னோடது. நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

இது ஆறுதலா இல்லையா என்று மதுராவுக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கே பயம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா அழுவாளா, நிம்மதியடைவாளா? அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை அம்மாவே மதுராவின் பயத்தை டாக்டரிடம் சொன்னாள். அவர் மதுராவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். அறுவை சிகிச்சைக்கு அவள் சரி என்றாள். அப்புறம் மனசு மாறினால் வேண்டாம் என்று சொல்லலாமா என்றும் கேட்டுக்கொண்டாள். தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

ஜூன் விடுமுறையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் அம்மாவை அழைத்துப் போனார்கள், பிறகு அவளை. வேண்டாம் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை.

கண் விழித்ததும் அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டாள். நன்றாக இருக்கிறாள், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்றார் பக்கத்தில் நின்ற அப்பா வெங்கடேஷ். அவர் கண்கள் சிவந்திருந்தன. சந்தோஷத்தில் அழுதாரா, வேறெதற்காகவாவதா என்று புரியாமல், அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.