கில்பர்ட் என்று எழுதியிருந்தால்

விடிந்தால் சுதந்திரம். பசிபிக் தீவான தாராவாவின் வானொலியில், ஆங்கிலச் செய்திகளில் 'கில்பர்ட் தீவுகள்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து, நாட்டின் புதுப் பெயரான 'கிரிபாஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தாள் ரூட்டா. காலையிலிருந்து பதினேழு இடம்.

"நீ அடிச்சு என்ன புண்ணியம்?" என்றார் ஒலிப்பதிவு பார்க்கும் பௌரோ. "நாளைக்கு வர்ற வெள்ளைக்காரங்க எழுத்தைப் பாத்து கிரிபாட்டி, கிரிபாட்டின்னுதான் சொல்லப் போறாங்க."

"கடைசியில வர்ற 'ti'யை நம்ம பாஷையில 'ஸ்'னு படிக்கணும்னு சொல்லிக் கொடுங்கண்ணே."

"நான் சொன்னா என் பொண்டாட்டியே கேக்கறதில்ல."

ரூட்டா சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் தந்தி ஆபீஸ் ஆள் வந்தான். சிரிக்காமல் கொடுத்தான். சொல்லிக்கொள்ளாமல் போனான்.

தந்தி ஹாலந்தின் ராட்டர்டாமிலிருந்து வந்திருந்தது. அவள் தம்பி யோடேபா வேலை பார்த்த கப்பலின் கம்பெனி அனுப்பியது.

ஜூன் 24 அன்று சரக்கறைக்குள் தவறி விழுந்து யோடேபா இறந்தான். உடலை ஊருக்கு அனுப்பவா என்று கேட்டு மூன்று தந்தி கொடுத்தோம். மூன்றும் திரும்பிவிட்டன. அவசரத் தகவல் அட்டையில் அவன் எழுதியிருந்த 'கிரிபாஸ்' என்ற நாடு எந்தப் பட்டியலிலும் இல்லை. பன்னிரண்டு நாள் காத்திருந்து, ஜூலை 6 அன்று இங்கேயே அடக்கம் செய்தோம். பிறகு அவனுடைய பழைய மாலுமிப் புத்தகத்தில் 'கில்பர்ட் தீவுகள்' என்று இருந்ததைப் பார்த்து இதை அனுப்புகிறோம். வருந்துகிறோம்.

ரூட்டா இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஏப்ரலில் அவள்தான் அவனுக்குக் கடிதம் போட்டாள். 'இனிமே எவன் கேட்டாலும் கில்பர்ட்னு சொல்லாதே. எவனோ ஒரு கப்பல்காரன் பேரு அது. நாம கிரிபாஸ். எழுதற இடத்துல எல்லாம் அப்படியே எழுது.' அதற்கு அவன் பதிலும் போட்டிருந்தான். 'எழுதிட்டேன்க்கா. காப்டன் இது எங்கடா இருக்குன்னு கேட்டான். ஜூலைல பாருங்கன்னு சொன்னேன்.'

பௌரோ தந்தியை வாங்கிப் படித்தார். கதவைச் சாத்தினார்.

"மதியம் தமானாவுக்குத் தகவல் வாசிக்கணும். நான் வாசிக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

தமானா தீவில் அவள் அம்மா டெபுரே இருந்தாள். கப்பல் மாதத்துக்கு ஒன்று. சாவோ பிறப்போ, தாராவாவிலிருந்து எந்தச் சேதியும் வானொலியில்தான் அங்கே போகும்; அவசரப் பதில் மட்டும் அங்கிருந்து ஒயர்லெஸில் வரும். பன்னிரண்டு மணிக்கு ஊரே பொது மண்டபமான மனேயாபாவின் கூரையடியில் கூடி ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மகள் குரலைக் கேட்பதற்காகவே அம்மா முன்வரிசையில் இடம் பிடிப்பாள்.

"வேற குரல் வந்தா அம்மா பயந்துடும். நானே வாசிக்கறேன்."

"சரி. ஆனா அந்தப் பேரு விஷயம் வேணாம். கம்பெனிக்காரன் தாமதம் பண்ணிட்டான்னு முடிச்சுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

"கிறுக்கி. பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட இதையும் சேத்துச் சொல்லணுமா?"

ரூட்டா தந்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். யோசித்துப் பார்த்தாள். செத்தவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் ஆவி வடக்கே போய்ச் சேரும் வழியைக் காதில் சொல்லி அனுப்புவது வீட்டுப் பெரியவளின் வேலை. அப்பாவுக்கு அம்மாதான் சொன்னாள். மூன்று நாள், தொண்டை கட்டும்வரை. இப்போது அம்மா கேட்கப் போகும் முதல் கேள்வி, ஏன் உடம்பு வரவில்லை என்பதுதான். அதற்குப் பொய்யை வைத்துக்கொண்டு அந்தக் கிழவி மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டுமா?

பன்னிரண்டு மணி. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தமானாவுக்குச் சேதி. டெபுரேயின் மகன் யோடேபா, கப்பல்ல தவறி விழுந்து இறந்துட்டான். உடம்பை ஹாலந்து தேசத்துல புதைச்சுட்டாங்க. நம்மளைக் கேட்டுத் தந்தி அனுப்பினாங்க. நாட்டுப் பேரு தெரியாம அந்தச் சேதி திரும்பிப் போயிடுச்சு. புதுப் பேரை எழுதச் சொன்னது நான். அம்மா, நான்தாம்மா. சேதி அனுப்புறது, மகள் ரூட்டா."

குரல் உடையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பௌரோ தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த சேதி ஒரு கல்யாணத்துக்குப் பன்றி கேட்டு வந்தது. அதையும் அவளே வாசித்தாள்.

நாலு மணிக்குத் தமானாவின் ஒயர்லெஸ்காரர் கூப்பிட்டார்.

"ரூட்டா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. பேச மாட்டேங்கறாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"திட்டினாங்களா?"

"இல்லம்மா. புதைக்கும்போது அவன் தலையை எந்தப் பக்கம் வெச்சாங்கன்னு கேக்கறாங்க. எந்தப் பக்கம் பாத்து உக்காந்து வழி சொல்றதுன்னு தெரியணுமாம்."

ரூட்டாவுக்குத் தெரியாது. ஓட்டமும் நடையுமாகத் தந்தி ஆபீசுக்குப் போனாள். வழியெல்லாம் பிள்ளைகள் நாளைய ஊர்வலத்துக்கு நடை பழகிக்கொண்டிருந்தார்கள். கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். ஆபீஸ் ஆள் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"பதில் வரவேண்டிய விலாசத்துல நாட்டுப் பேரு போடலியே?"

"கில்பர்ட் தீவுகள்னு போடு."

"நாளையிலேர்ந்து அது இல்லக்கா. நீங்கதான ரேடியோவுல நாள் பூரா சொல்றீங்க?"

"போடுடா. பதில் வரணும்."

அவன் போட்டான்.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. புதிய கொடி ஏறி நாலு நாள் ஆகியிருந்தது. பழைய பெயரைத் தேடிக்கொண்டு, எங்கும் தடுக்காமல், நேராக அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

அன்று மதியம் அதை அப்படியே வாசித்தாள்.

"தமானாவுக்குச் சேதி. அம்மா, அவன் இருக்கறது பதினாலாவது வரிசை, கடைசிக் குழி. தலை எந்தப் பக்கம்னு அவங்க எழுதி வைக்கலையாம்."